ஆர் மொழியில் நிலவரைபடம் வரைதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர் ஓரளவு தெரியும், அட்டவணையை ஏற்றவும் சராசரி எடுக்கவும் வரும், ஆனால் வரைபடம் என்றதும் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்பவர்களுக்காக இந்தப் பக்கம். கட்டளைப் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

பெரும்பாலான எடுத்துக்காட்டுகள் ஒரே தரவிலிருந்து வருகின்றன. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் 100 கவுன்ட்டிகள் (நம் மாவட்டம் போன்ற பிரிவுகள்) உண்டு. 1974-78, 1979-84 ஆகிய இரு காலகட்டங்களில் ஒவ்வொன்றிலும் எத்தனை குழந்தைகள் பிறந்தன, எத்தனை குழந்தைகள் காரணம் தெரியாமல் தூக்கத்தில் திடீரென இறந்தன என்ற கணக்கு அதில் இருக்கிறது. எஸ்எஃப் பேக்கேஜை நிறுவினாலே இந்தத் தரவும் கூட வந்துவிடும், தனியாகத் தேடி இறக்க வேண்டியதில்லை.

எந்தப் பேக்கேஜில் தொடங்கலாம்?

எஸ்எஃப், ஜிஜிபிளாட்2 இரண்டும் போதும். புள்ளி, கோடு, பலகோணம் ஆகியவற்றைக் கையாள எட்சர் பெபெஸ்மா எழுதிய எஸ்எஃப். வரைய ஜிஜிபிளாட்2. செயற்கைக்கோள் படம், மழை, உயரம் போன்ற ராஸ்டர் தரவு (பரப்பைச் சிறு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு) வந்தால் டெர்ரா. திரையில் நகர்த்திப் பார்க்கும் வரைபடம் வேண்டுமென்றால் லீஃப்லெட் அல்லது மேப்வியூ.

பழைய பாடங்களைப் பார்த்துத் தொடங்குபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆர்ஜிடால், ஆர்ஜியோஸ், மேப்டூல்ஸ் மூன்றும் 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றுவிட்டன. ஒரு பாடத்தின் முதல் வரியே இவற்றில் ஒன்றை ஏற்றச் சொன்னால், அந்தப் பாடத்தை விட்டுவிட்டுப் புதியதைத் தேடுங்கள். அந்தக் கட்டளைகளை ஓட வைக்கப் போராடும் நேரத்தில் எஸ்எஃப் முழுவதையும் கற்றுக்கொள்ளலாம்.

லினக்ஸில் நிறுவும்போது பிழை வந்தால், அநேகமாக ஜிடால், ஜியோஸ், புரோஜ் ஆகிய நூலகங்கள் கணினியில் இல்லை என்று பொருள். முதலில் அவற்றை நிறுவுங்கள். விண்டோஸிலும் மேக்கிலும் இந்தத் தொல்லை இல்லை.

எல்லைக்கோடுகள் உள்ள ஷேப்ஃபைலைத் திறந்தால் சாதாரண அட்டவணை மாதிரிதானே தெரிகிறது?

ஆமாம், அது அட்டவணையேதான். எஸ்டி_ரீட் கட்டளை தருவது ஒரு டேட்டா ஃபிரேம். ஒரு வரிக்கு ஒரு கவுன்ட்டி, கடைசிப் பத்தியில் அதன் எல்லைக்கோடு. அதனால் உங்களுக்குத் தெரிந்த வடிகட்டல், வரிசைப்படுத்தல், புதிய பத்தி சேர்த்தல் எல்லாம் இங்கேயும் அப்படியே நடக்கும். சில பத்திகளை மட்டும் தேர்ந்தெடுத்தாலும் எல்லைக்கோட்டுப் பத்தி கூடவே ஒட்டிக்கொண்டு வரும். எஸ்எஃப் வந்த பிறகு இந்த வேலை எளிதானதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

'பிளாட்' என்று தட்டினால் ஒரே வரைபடத்துக்குப் பதில் நிறைய குட்டி வரைபடங்கள் வருகின்றன. ஏன்?

ஒவ்வொரு பத்திக்கும் ஒரு வரைபடம் போடுகிறது (பத்திகள் அதிகமென்றால் முதல் சிலவற்றுக்கு மட்டும்). ஒரு பத்தி மட்டும் வேண்டுமென்றால் அதன் பெயரைச் சதுர அடைப்புக்குள் கொடுங்கள். எல்லைக்கோடு மட்டும் போதுமென்றால் எஸ்டி_ஜியோமெட்ரி வழியாக அனுப்புங்கள். ஜிஜிபிளாட்2 என்றால் ஜியோம்_எஸ்எஃப் என்ற ஒரே அடுக்குதான். நிறத்துக்கு எந்தப் பத்தி என்று நீங்கள் சொன்னதைத்தான் அது வரையும்.

வரைபடம் வந்துவிட்டது. வேலை முடிந்ததா?

இல்லை, இங்கேதான் தொடங்குகிறது. வரைபடம் போட இரண்டு வரி போதும். அந்த வரைபடம் உண்மையைச் சொல்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் நேரம் பிடிக்கும்.

1974-78 இறப்பு எண்ணிக்கையை அப்படியே நிறமாக்கினால், சார்லட் நகரம் இருக்கும் மெக்லன்பர்க் கவுன்ட்டி அடர்நிறத்தில் முதலிடத்தில் நிற்கும். அங்கே 44 இறப்புகள். ஆனால் அதே காலத்தில் அங்கே பிறந்த குழந்தைகள் 21,588. ஆயிரத்துக்கு 2. மாநிலம் முழுக்கக் கணக்கிட்டாலும் 3,29,962 பிறப்புக்கு 667 இறப்பு, அதே ஆயிரத்துக்கு 2தான். மெக்லன்பர்க்கில் விசேஷமாக எதுவும் நடக்கவில்லை. அங்கே மக்கள் அதிகம், அவ்வளவுதான்.

ஆன்சன் கவுன்ட்டியைப் பாருங்கள். எண்ணிக்கை வரைபடத்தில் வெளிறிய நிறத்தில் ஒதுங்கிக் கிடக்கும், காரணம் 15 இறப்புகளே. பிறப்போ 1,570தான். ஆயிரத்துக்கு 9.6. மாநிலச் சராசரியைப் போல் நான்கு மடங்குக்கும் மேல். எண்ணிக்கையை வரைந்தவர் கண்ணில் ஆன்சன் படவே படாது.

ஆகவே பலகோணத்துக்கு நிறம் கொடுக்கும்போது எண்ணிக்கையைக் கொடுக்காதீர்கள். விகிதத்தைக் கொடுங்கள். எதன் விகிதம் என்பதையும் யோசியுங்கள். குழந்தை இறப்புக்குப் பிறப்பு எண்ணிக்கைதான் வகுக்கும் எண், மொத்த மக்கள்தொகை அல்ல. சாலை விபத்துக்கு மக்கள்தொகையா, வாகன எண்ணிக்கையா, சாலை நீளமா? மூன்றும் மூன்று வேறு கேள்விகளுக்கான பதில். எந்தக் கேள்வி உங்களுடையது என்று தலைப்பிலேயே எழுதுங்கள். எண்ணிக்கையேதான் வேண்டும் என்ற நிலை வந்தால் (எத்தனை படுக்கை, எத்தனை தடுப்பூசி என்று திட்டமிடுபவருக்கு அதுதான் தேவை) நிறத்தை விட்டுவிட்டு வட்டத்தின் அளவால் காட்டுங்கள்.

விகிதத்தை வரைந்தால் சின்ன மாவட்டங்கள்தான் எப்போதும் உச்சத்திலும் அடியிலும் வருகின்றன. இது சரியா?

நல்ல கேள்வி. நிறையப் பேர் கேட்காமலேயே வெளியிட்டுவிடுகிறார்கள்.

அலகேனி கவுன்ட்டியில் 487 பிறப்பு, இறப்பு பூஜ்யம். விகிதமும் பூஜ்யம், வரைபடத்தில் மிக நல்ல நிறம். ஆனால் மாநிலச் சராசரிப்படி அங்கே எதிர்பார்க்கக்கூடிய இறப்பே ஏறக்குறைய 1தான். சராசரி 1 இருக்கும் இடத்தில் வெறும் தற்செயலாகவே பூஜ்யம் வர 100க்கு 37 வாய்ப்பு உண்டு. அதனால் அலகேனி பாதுகாப்பான இடம் என்று இந்த எண் சொல்லவில்லை, எதையும் சொல்லும் அளவுக்கு அங்கே தரவு இல்லை.

ஆன்சன் கதை வேறு. அங்கே எதிர்பார்க்கக்கூடியது 3 இறப்பு, நடந்தது 15. தற்செயல் என்று அதை ஒதுக்க முடியாது. ராப்சன் கவுன்ட்டியில் 7,889 பிறப்புக்கு 31 இறப்பு, ஆயிரத்துக்கு 3.9. ஆன்சனைவிட விகிதம் மிகக் குறைவுதான், ஆனால் அடித்தளம் பெரிது, எதிர்பார்த்தது 16. அதுவும் கவனிக்க வேண்டிய இடமே. வெறும் விகித வரைபடம் இந்த மூன்று ஊர்களுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டாது.

செய்யக்கூடியவை சில. எஸ்பிடெப் பேக்கேஜில் எம்பிரிக்கல் பேயஸ் முறையில் விகிதத்தைச் சீர்படுத்தும் கட்டளை இருக்கிறது. தரவு குறைந்த இடங்களை அது மாநிலச் சராசரியை நோக்கி இழுக்கும், தரவு நிறைந்த இடங்களை ஏறக்குறைய அப்படியே விடும். அல்லது நடந்ததையும் எதிர்பார்த்ததையும் ஒப்பிட்டு, விலகல் எவ்வளவு அரிது என்பதை வரையலாம். இரண்டும் கனமாகத் தெரிந்தால், குறைந்தபட்சம் பிறப்பு எண்ணிக்கையை இன்னொரு சின்ன வரைபடமாகப் பக்கத்தில் வையுங்கள். படிப்பவர் தானே எடைபோட்டுக்கொள்வார்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்த வரைபடங்களைப் பார்த்துத்தான் எங்கே மருத்துவர்களை அனுப்புவது, எங்கே ஆய்வு நடத்துவது என்று முடிவெடுக்கிறார்கள். ஒவ்வொரு எண்ணும் ஒரு வீட்டில் இறந்த குழந்தை. தவறான இடம் அடர்நிறமாகத் தெரிந்தால் கவனம் தவறான இடத்துக்குப் போகும்.

நிறத்தை எத்தனை வகுப்பாகப் பிரிப்பது? எந்த நிறம்?

சம இடைவெளியில் ஐந்தாகப் பிரித்தால், ஆன்சனின் 9.6 உச்ச வகுப்பைத் தனியாக எடுத்துக்கொள்ளும். மற்ற கவுன்ட்டிகளில் பெரும்பாலானவை கீழ் வகுப்புகளில் நெருக்கியடித்து, வரைபடமே ஒரே நிறமாகத் தெரியும். வகுப்புக்கு 20 கவுன்ட்டி என்று சமமாகப் பங்கிட்டால் படம் பளிச்சென்று வரும், ஆனால் ஏறக்குறைய ஒரே விகிதம் உள்ள இரண்டு கவுன்ட்டிகள் வேறு வேறு நிறத்தில் விழக்கூடும். தரவின் இயல்பான இடைவெளிகளைத் தேடும் ஜென்க்ஸ் முறையும் உண்டு. எல்லாம் கிளாஸ்இன்ட் பேக்கேஜில் கிடைக்கும்.

எதைத் தேர்ந்தாலும் ஹிஸ்டோகிராம் ஒன்றைப் போட்டுப் பார்த்த பிறகு தேருங்கள். என் விருப்பம், பொருள் உள்ள எண்களில் வெட்டுவது: மாநிலச் சராசரி, அதன் பாதி, அதன் இருமடங்கு. அப்போது வகுப்பின் பெயரே படிப்பவருக்குச் செய்தி சொல்லும். இரண்டு காலகட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டுக்கும் ஒரே வகுப்பு எல்லைகளைக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஒப்பீடு அங்கேயே செத்துவிடும்.

நிறத்துக்கு விரிடிஸ் நிறவரிசை அல்லது சிந்தியா புரூவரின் கலர்புரூவர் அட்டைகள். குறைவிலிருந்து கூடுதலுக்கு ஒரே திசையில் அடர்ந்து போகும் வரிசை விகிதத்துக்கு ஏற்றது. சராசரிக்கு மேலா கீழா என்பதே கேள்வி என்றால் நடுவில் வெளிறி இருபக்கமும் அடரும் வரிசை. சிவப்பும் பச்சையும் எதிரெதிராக வைப்பதைத் தவிருங்கள், நிறக்குருடு உள்ளவர்களுக்கு அவை ஒன்றாகவே தெரியும். வானவில் வரிசை வேண்டவே வேண்டாம். தரவில் இல்லாத எல்லைகளை மஞ்சள் பட்டை உண்டாக்கிவிடும்.

சிஆர்எஸ் என்றால் என்ன? எஸ்டி_செட்_சிஆர்எஸ், எஸ்டி_டிரான்ஸ்ஃபார்ம் இரண்டில் எதைப் பயன்படுத்துவது?

ஒரு புள்ளியின் இரண்டு எண்கள் எந்த அளவுமுறையில் எழுதப்பட்டவை என்று சொல்வது சிஆர்எஸ். ஜிபிஎஸ் தரும் அட்சரேகை, தீர்க்கரேகைக்கு 4326 என்ற எண். வட கரோலினா கோப்பு 4267இல் இருக்கிறது. அதுவும் டிகிரிதான், ஆனால் வட அமெரிக்காவில் 1927இல் வகுத்த பழைய அடிப்படை. அந்த மாநிலத்துக்கென்றே மீட்டரில் உள்ள முறை 32119.

முதல் கட்டளை பெயர்ச்சீட்டை மட்டும் மாற்றும். இரண்டாவது கட்டளை எண்களையே கணக்கிட்டு மாற்றும். கோப்பில் சீட்டு இல்லாதபோது மட்டுமே முதலாவது. மற்ற எல்லா நேரத்திலும் இரண்டாவது. டிகிரியில் உள்ள வட கரோலினாவுக்கு வெறுமனே 32119 சீட்டை ஒட்டிவிட்டால், மாநிலம் முழுவதும் 9 மீட்டர் அகலத்துக்குச் சுருங்கிவிடும். எஸ்எஃப் எச்சரிக்கும், அந்த எச்சரிக்கையைப் படியுங்கள்.

தமிழ்நாட்டுத் தரவை மீட்டருக்கு மாற்றும்போது ஒரு சிக்கல் வரும். உலகை 6 டிகிரிப் பட்டைகளாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் முறை யுடிஎம். அதன் மண்டலங்களின் எல்லையான 78 டிகிரித் தீர்க்கரேகைக் கோடு மாநிலத்தின் ஊடாகவே போகிறது. கோவையும் திண்டுக்கல்லும் 43ஆம் மண்டலம், மதுரையும் சென்னையும் 44. முழு மாநிலத்தையும் வரைவதென்றால் 44ஆம் மண்டலத்துக்கான 32644 ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கு ஓரத்தில் நீளத்தில் 0.3 சதவீதம் அளவுக்குப் பிழை வரும், படத்துக்கு அது ஒன்றுமே இல்லை. இலங்கை முழுவதும் 44க்குள் அடங்கிவிடுவதால் அங்கே இந்தக் குழப்பம் கிடையாது.

என் புள்ளிகளெல்லாம் வரைபடத்தில் காணவில்லையே?

முதலில் சந்தேகப்பட வேண்டியது, இரண்டு பத்திகளும் இடம் மாறியிருப்பது. எஸ்டி_ஆஸ்_எஸ்எஃப் கட்டளைக்குத் தீர்க்கரேகை முதலில், அட்சரேகை பிறகு. பேச்சில் நாம் மாற்றிச் சொல்வதால் கையும் மாற்றி எழுதிவிடுகிறது. சென்னை 13.08 வடக்கு, 80.27 கிழக்கு. மாற்றிக் கொடுத்தால் ஸ்வால்பார்ட் தீவுகளை ஒட்டி ஆர்க்டிக் கடலில் போய் விழும்.

அதுவும் இல்லையென்றால் இரண்டு அடுக்குகளின் சிஆர்எஸ் வேறாக இருக்கும், ஒன்றில் சீட்டே இல்லாமலும் இருக்கலாம். ஷேப்ஃபைல் என்பது ஒரே கோப்பு அல்ல, எஸ்ஹெச்பி, எஸ்ஹெச்எக்ஸ், டிபிஎஃப், பிஆர்ஜே என்று ஒரு கூட்டம். யாராவது மின்னஞ்சலில் அனுப்பும்போது பிஆர்ஜேவை விட்டுவிட்டால் சிஆர்எஸ் போய்விடும். அப்புறம், ஷேப்ஃபைலில் பத்திப் பெயர் 10 எழுத்துக்கு மேல் போகாது. நீங்கள் சேமிக்கும்போது ஜியோபேக்கேஜ் வடிவில் சேமியுங்கள், எல்லாம் ஒரே கோப்பில் இருக்கும்.

தமிழ்நாட்டு மாவட்ட எல்லையோடு என் எக்செல் கோப்பை இணைத்தால் பாதி மாவட்டம் சாம்பல் நிறமாக வருகிறது. என்ன செய்வது?

இரண்டு காரணங்கள் சேர்ந்து வரும். ஒன்று எழுத்துக்கூட்டல். தூத்துக்குடியையும் விழுப்புரத்தையும் கன்னியாகுமரியையும் ஆங்கிலத்தில் ஆளுக்கு ஒரு விதமாக எழுதுகிறார்கள். நீலகிரிக்கு முன்னால் 'தி' சேர்ப்பவர்களும் உண்டு, சேர்க்காதவர்களும் உண்டு. கணினிக்கு ஒரு எழுத்து மாறினாலும் வேறு ஊர்தான். இணைப்பதற்கு முன் ஆன்ட்டி_ஜாயின் போட்டால் பொருந்தாத பெயர்கள் மட்டும் வரும். அவற்றைக் கையால் திருத்துங்கள். மாவட்டக் குறியீட்டு எண் இரண்டு கோப்பிலும் இருந்தால் பெயரைத் தொடவே தேவையில்லை.

இன்னொன்று காலம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது 32 மாவட்டங்கள். 2019இல் கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், 2020இல் மயிலாடுதுறை சேர்ந்து இப்போது 38. பழைய மக்கள்தொகையையும் புதிய எல்லையையும் பெயரை வைத்து இணைத்தால், புதிய ஆறும் சாம்பலாகும். அதைவிட மோசம், வேலூரும் திருநெல்வேலியும் பார்வைக்குச் சரியாகப் பொருந்திவிடும். ஆனால் இன்றைய சின்ன வேலூருக்கு அன்றைய பெரிய வேலூரின் எண் போய் உட்கார்ந்திருக்கும். சாம்பல் நிறம் கண்ணில் படும், இந்தப் பிழை படாது. ஒன்று, பழைய எல்லைக் கோப்பைத் தேடி எடுங்கள். இல்லையென்றால் வட்ட (தாலுகா) அளவிலான தரவிலிருந்து புதிய மாவட்டங்களுக்குக் கூட்டி எடுங்கள். வட்டங்களையே உடைத்து மாற்றிய இடங்களில் கூடுதலாக ஒரு பார்வை தேவைப்படும்.

இணைக்கும்போது எல்லைக் கோப்பு இடப்பக்கம் இருக்கட்டும். மாற்றிப் போட்டால் எஸ்எஃப் தன்மை போய் வெறும் அட்டவணை திரும்பும்.

வரைபடத்தில் தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாக வருகின்றன, அல்லது கொம்பு இடம் மாறுகிறது.

கட்டம் வந்தால் எழுத்துரு இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றை நிறுவி, அதன் பெயரை வரைபடத்தின் எழுத்துரு அமைப்பில் கொடுங்கள். கொம்பும் காலும் சிதறினால், வரையும் சாதனத்துக்கு இந்திய எழுத்துகளைக் கோக்கத் தெரியவில்லை என்று பொருள். ராக் பேக்கேஜ் அதைச் சரியாகச் செய்யும். அதை நிறுவியிருந்தால் ஜிஜிசேவ் பிஎன்ஜி சேமிக்கும்போது தானாகவே அதைப் பயன்படுத்தும். ஆர்ஸ்டுடியோ திரையிலும் சரியாகத் தெரிய, கிராஃபிக்ஸ் அமைப்பில் ஏஜிஜி என்று மாற்றுங்கள். பிடிஎஃப் வேண்டுமென்றால் வழக்கமான பிடிஎஃப் சாதனத்தை விட்டுவிட்டு கெய்ரோ_பிடிஎஃப். லீஃப்லெட்டில் உலாவியே எழுத்தைக் கோப்பதால் அங்கே பிரச்சினை வராது.

தமிழில் பெயரிட்ட வரைபடங்கள் இன்னும் நிறைய வர வேண்டும் என்பது என் ஆசை. இந்த ஒரு தடையால் ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடாதீர்கள்.

புள்ளிகளில் அளந்ததை முழுப் பரப்புக்கும் நிறமாக்கலாமா?

ஆக்கலாம், ஆனால் அதற்கு முன் புள்ளிகளை அப்படியே பாருங்கள். இதற்குப் பலரும் பழகும் தரவு மியூஸ். நெதர்லாந்தில் ஸ்டெயின் என்ற ஊர் அருகே மியூஸ் ஆற்றின் வெள்ளச் சமவெளியில் 155 இடங்களில் மேல்மண் எடுத்து, துத்தநாகம், ஈயம், செம்பு, காட்மியம் அளந்தார்கள். துத்தநாகம் கிலோவுக்கு 113 மில்லிகிராமிலிருந்து 1,839 வரை போகிறது. அளவுக்கேற்ற வட்டங்களாக வரைந்தாலே ஆற்றின் ஓரம் முழுக்கப் பெரிய வட்டங்கள் வரிசை கட்டும். மாசு கலந்த வண்டலை வெள்ளம் கொண்டுவந்து போட்டதன் தடம் அது. அளக்காத இடங்களின் மதிப்பைக் கணித்துப் பரப்பை நிரப்பும் கிரிகிங் எதுவும் இல்லாமலே கதையின் பெரும்பகுதி தெரிந்துவிட்டது.

பரப்பு வேண்டுமென்றால் ஜிஸ்டாட் பேக்கேஜில் கிரிகிங் இருக்கிறது. தென்னாப்பிரிக்கச் சுரங்கப் பொறியாளர் டேனி கிரிகே பெயரால் வந்த முறை. துத்தநாக அளவுகள் ஒருபக்கம் நீண்டு கிடப்பதால் மடக்கை எடுத்துச் செய்வது வழக்கம். மதிப்பீட்டோடு அதன் நிச்சயமின்மையும் கிடைக்கும். அந்த இரண்டாவது வரைபடத்தையும் கட்டாயம் வெளியிடுங்கள். மாதிரியே எடுக்காத மூலையிலும் வழவழப்பான நிறம் நிரம்பியிருப்பதைப் பார்ப்பவர், அங்கேயும் யாரோ அளந்தார்கள் என்றே நம்புவார்.

வரைய ரொம்ப நேரம் ஆகிறது.

எல்லைக்கோட்டில் தேவைக்கு மேல் புள்ளிகள் இருக்கும். ஆர்மேப்ஷேப்பர் பேக்கேஜின் எம்எஸ்_சிம்ப்ளிஃபை குறைத்துத் தரும். எஸ்எஃப்பின் சொந்தக் கட்டளை ஒவ்வொரு பலகோணத்தையும் தனித்தனியாகச் சுருக்குவதால் அடுத்தடுத்த மாவட்டங்களுக்கு நடுவே கீறல் விழும். பரப்பளவு கணக்கிடுவதற்கு மட்டும் சுருக்காத கோப்பையே வைத்திருங்கள்.

'எட்ஜ் கிராஸஸ் எட்ஜ்' என்று பிழை வருகிறது.

2021இல் வந்த எஸ்எஃப் 1.0 முதல் டிகிரித் தரவை எஸ்2 நூலகம் கோளத்தின் மேல் வைத்துக் கணக்கிடுகிறது. எல்லைக்கோடு தன்னைத்தானே வெட்டினால் அது ஏற்காது. எஸ்டி_மேக்_வேலிட் பெரும்பாலும் தீர்த்துவிடும். இல்லையென்றால் மீட்டர் முறைக்கு மாற்றிவிட்டு அங்கே சரிசெய்யுங்கள். எஸ்2வை அணைத்துவிடச் சொல்லும் ஆலோசனை எங்கும் கிடைக்கும். பிழைச் செய்தி மறையும், கெட்ட பலகோணம் அப்படியே இருக்கும்.

இந்திய வரைபடத்தை இணையத்தில் கிடைக்கும் எல்லைக் கோப்பை வைத்து வரையலாமா?

பழகிப் பார்க்க வரையலாம். வெளியிடும் முன் யோசியுங்கள். ஆர்நேச்சுரல்எர்த் போன்ற பேக்கேஜ்கள் இயல்பாகத் தருவது நடைமுறைக் கட்டுப்பாட்டின்படியான எல்லை. காஷ்மீர்ப் பகுதியில் அது இந்திய நில அளவைத் துறையின் வரைபடத்தோடு ஒத்துப்போகாது. அந்தத் துறை வெளியிட்ட வரைபடத்துக்கு மாறான இந்திய வரைபடத்தை வெளியிடுவது 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஆய்வேடோ செய்தியோ எதுவானாலும், நாட்டின் வெளி எல்லையை நில அளவைத் துறையின் வரைபடத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து வெளியிடுங்கள். உங்கள் தரவு தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியது என்றால் மாநிலத்தை மட்டும் வரையுங்கள், மாவட்டங்களும் பெரிதாகத் தெரியும்.